தினவாடகை வீடும் நோய்க்காலக் கட்டுப்பாடும்: பெங்களூரு அல்சூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு அல்சூரில், ஜோகுபாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. 2019 முதல் 2022 வரை அதன் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்தேன். கொரோனா காலத்தில் எங்கள் கட்டடத்தில் இருந்த இரண்டு தினவாடகை வீடுகளை நாங்கள் எப்படிக் கையாண்டோம், எங்கே சரியாகச் செய்தோம், எங்கே ஒருவரைக் கைவிட்டோம் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேதிகளை மாற்றவில்லை.

பின்னணி

பன்னிரண்டில் இரண்டு வீடுகள் ஒரே அம்மாவுடையவை. கணவரின் ஓய்வூதியப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கியவை. கணவர் இறந்தபின், 2018-இல், இரண்டையும் தினவாடகைக்கு விட ஆரம்பித்தார். மாத வாடகை என்றால் ஒரு வீட்டுக்கு 18,000 ரூபாய் வரும். நாள் வாடகை 2,000 என்று வைத்தால், மாதத்தில் பதினைந்து நாள் ஆள் இருந்தாலே 30,000. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கடன் தவணை 41,000. இந்தக் கணக்கைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவரைப் பேராசைக்காரர் என்று நினைக்கத் தோன்றும். அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

வந்து தங்கியவர்களில் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் குறைவு. பாதிக்கு மேல் மருத்துவத்துக்காக வந்தவர்கள். தர்மபுரி, திருவண்ணாமலை, சித்தூர் பக்கத்துக் குடும்பங்கள். சில சமயம் வங்காளத்திலிருந்தும் வருவார்கள். லாட்ஜில் சமைக்க முடியாது. நோயாளிக்குக் கஞ்சி வைக்க ஓர் அடுப்பும், கூட வந்தவர் கால் நீட்டிப் படுக்க ஓர் இடமும் வேண்டும். அதற்காகவே இந்த வீடுகளைத் தேடி வந்தார்கள்.

சட்டத்தின் கண்ணில் இந்த வீடுகள் எதிலும் அடங்கவில்லை. லாட்ஜ் என்றால் மாநகராட்சியின் வணிக உரிமம் வேண்டும், அது இல்லை. ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். அந்த அம்மா இருப்பது மர்ஃபி டவுனில். பி.ஜி. விடுதியும் அல்ல, மாத வாடகையும் அல்ல. நல்ல நாளில் யாரும் இதைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டையும் பெருக்கித் துடைத்து, பெட்ஷீட் மாற்றி, சாவி கொடுத்து வாங்கியவர். திருப்பத்தூர் பக்கத்துக்காரர், அப்போது வயது 46. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘அக்கா’. ஒரு செக்-அவுட்டுக்கு 250 ரூபாய் கூலி. மாதச் சம்பளம் கிடையாது. ஆள் வந்து போனால் காசு, இல்லாவிட்டால் இல்லை.

மார்ச் 2020

கர்நாடகத்தில் முதல் தொற்று மார்ச் 9 அன்று உறுதியானது. அமெரிக்காவிலிருந்து பெங்களூரு திரும்பிய ஒரு மென்பொருள் ஊழியர் அவர். மார்ச் 13 அன்று மாநில அரசு மால், தியேட்டர், பப் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு மூடச் சொன்னது. 15-ஆம் தேதி ஞாயிறு காலை கார் பார்க்கிங்கில் எங்கள் கூட்டம். “முதல்ல அந்த ரெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுங்க” என்பதுதான் பொதுவான பேச்சு. உரிமையாளர் அம்மா வந்திருந்தார். “புதுசா யாரையும் எடுக்கலைங்க. உள்ள இருக்கறவங்கள எங்க அனுப்பச் சொல்றீங்க?” என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். முதல் வீட்டில் திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து வந்த தம்பதி. பெரியவருக்குத் தொண்டையில் புற்றுநோய். மார்ச் 2 முதல் கதிர்வீச்சு சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 33 முறை. இரண்டாவது வீட்டில் வெளிநாட்டு இளைஞர் ஒருவர், மார்ச் 8 முதல் இருக்கிறார்.

அடுத்த பத்து நாளில் எல்லாம் மூடிக்கொண்டது. மார்ச் 22 முதல் ரயில் இல்லை, வெளிநாட்டு விமானம் இறங்கத் தடை. 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானமும் நின்றது. 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. வீட்டுத் தனிமையில் வைக்கப்பட்டவர்களின் முகவரிகளை மாநில அரசு வெளியிட்டது. அந்தப் பட்டியல் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஓடியது. எங்கள் தெருப் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடாதவர்கள் கட்டடத்தில் யாரும் இல்லை. நானும் தேடினேன்.

மார்ச் 27, கேட்டருகே

அன்று வெள்ளிக்கிழமை. தம்பதி காலையில் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டித் தெரிந்த ஆட்டோவில் போய்விட்டு, மதியம் ஒன்றரைக்குத் திரும்பினார்கள். கேட் பூட்டியிருந்தது. ‘வெளியே போனவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று சங்கத் தலைவர் வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருந்தார். எனக்கும் அது தெரியும்.

இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தேன். பெரியவருக்குக் கழுத்துத் தோல் கருத்து உரிந்திருந்தது. அதன்மேல் ஈரத் துண்டு. பேச்சு வராது. வாட்ச்மேன் தள்ளி நின்று கையைக் காட்டச் சொன்னார். அந்த நாள்களில், தனிமைப்படுத்தப்பட்டவர்களின் புறங்கையில் அழியாத மையால் முத்திரை குத்தியிருப்பார்கள். பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு கணவரின் கையைத் தூக்கி அதையும் காட்டினார். அவர் புறங்கையில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன நீலத் தடம் இருந்தது. வாட்ச்மேனுக்கு அது முத்திரையாகத் தெரிந்தது. இரண்டடி பின்னால் போனார்.

நாற்பது நிமிடம் அவர்கள் வெயிலில் நின்றார்கள். அந்த நேரம் முழுக்க நான் தலைவரோடு போனில் வாதாடிக்கொண்டிருந்தேன். முதலில் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்திருக்க வேண்டும். வாதத்தைப் பிறகு வைத்துக்கொண்டிருக்கலாம். கடைசியில் திறந்துவிட்டது அக்கா. பக்கத்துச் சந்திலிருந்து வந்தவர் வாட்ச்மேனைப் பார்த்து, “தம்பி, அது ஊசி போட்ட எடம்பா. உங்க வீட்டுப் பெரியவங்களா இருந்தா நிக்க வெப்பியா?” என்று கேட்டார். அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே மறுபடி கூட்டம். இந்த முறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் மார்ச் 24 ஆணையை அச்செடுத்துப் போயிருந்தேன். விருந்தோம்பல் தொழில் முழுவதையும் நிறுத்தச் சொன்ன அந்த ஆணையிலேயே ஒரு விலக்கு இருந்தது: ஊரடங்கில் சிக்கிக்கொண்ட பயணிகள், மருத்துவ ஊழியர்கள், அவசரப் பணியாளர்கள், விமான, கப்பல் ஊழியர்கள் ஆகியோர் தங்கியிருக்கும் ஹோட்டல், ஹோம்ஸ்டே, லாட்ஜ் இயங்கலாம். எங்கள் வீடுகள் ஹோம்ஸ்டேயா என்ற கேள்வி எழுந்தது. பதிவின்படி இல்லை. ஆனால், ஆணையின் நோக்கம் சிக்கிக்கொண்டவர்களைத் தெருவில் விடக் கூடாது என்பது. அதை வைத்து முடிவெடுத்தோம்.

புதிதாக யாரையும் எடுப்பதில்லை. உரிமையாளர் முன்பதிவுத் தளத்தில் நாள்காட்டியையே மூடிவிட வேண்டும். உள்ளே இருக்கும் மூவரும் இருக்கலாம். பெயர், சொந்த ஊர், வந்த தேதி, தங்குவதற்கான காரணம் எழுதிய தாளை வார்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர்கள் லிஃப்டைத் தனியாகப் பயன்படுத்தலாம், யாரும் தடுக்கக் கூடாது. ஏழுக்கு மூன்று என்று நிறைவேறியது. தலைவர் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் மறுநாள் முதல் லிஃப்ட் பொத்தானைத் துடைக்கும் துணியும் சானிடைசரும் தன் செலவில் வாங்கிவைத்தார். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

வார்டு அலுவலகத்துக்கான தாளைத் தயாரிக்கும்போதுதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் ‘ஃபார்ம் சி’ என்ற படிவத்தை இணையத்தில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய விதி. வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும் அது பொருந்தியது. உரிமையாளர் அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இளைஞர் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. தாமதத்துக்கான விளக்கத்தோடு 28-ஆம் தேதி பதிவு செய்தோம். ஒளித்தால் பிற்பாடு அந்த இளைஞர் நாட்டை விட்டுக் கிளம்பும்போது சிக்கல் வரும் என்பதுதான் காரணம். அபராதம் எதுவும் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் அக்காவின் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. செக்-அவுட் இல்லையென்றால் அவருக்கு வருமானம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக் கொடுத்தோம். அதோடு எங்கள் கடமை முடிந்ததாக நினைத்தோம். ஜூலையில் நடந்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஏப்ரல் நடுவில் இளைஞர் தன் நாட்டுத் தூதரகம் ஏற்பாடு செய்த விமானத்தில் கிளம்பினார். வீட்டை மூன்று நாள் பூட்டிவைத்துவிட்டுச் சுத்தம் செய்தோம். பிறகு அங்கே இரண்டு செவிலியர்கள் வந்தார்கள். வேறொரு தெருவில், வேலைக்குப் போய் வந்தால் வீட்டில் இருக்க முடியாது என்று வீட்டுக்காரர் சொன்னதால் வெளியேறியவர்கள். எங்கள் கட்டடத்திலும் முணுமுணுப்பு இருந்தது. ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளர்களின் குடியிருப்புக்கும் வேலைக்கும் இடையூறு செய்வதையும் வன்முறை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். முணுமுணுப்பு நின்றது.

பெரியவரின் சிகிச்சை ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் முடிந்தது. ஆனால் ஊருக்குப் போக வழியில்லை. மாநிலம் விட்டு மாநிலம் சிக்கியவர்கள் திரும்பலாம் என்று ஏப்ரல் 29 அன்று ஆணை வந்தது. கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் பதிவு, தமிழ்நாட்டு இ-பாஸ், வாடகை வண்டி எல்லாம் கூடி மே 6 அன்று கிளம்பினார்கள். அந்த மூன்று வாரத்துக்கு உரிமையாளர் அம்மா வாடகை வாங்கவில்லை.

அவருடைய நிலைமை நாளுக்கு நாள் மோசமானது. கடன் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. செவிலியர்கள் கொடுத்தது மாதம் 10,000. ஜூன் 8 அன்று ஹோட்டல்கள் திறந்தன. அவற்றுக்கு விதிமுறை வந்தது: தங்குபவரின் பயண விவரம், உடல்நிலை பற்றிய உறுதிமொழி, அடையாள அட்டை, அறை காலியாகும் ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம். தினவாடகை வீட்டுக்கு மட்டும் திற என்றும் சொல்லவில்லை, மூடு என்றும் சொல்லவில்லை. எங்கள் சங்கத்தின் மார்ச் மாதத் தீர்மானம், புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது என்பது, அப்படியே நின்றது. அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் செய்த இரண்டாவது தவறு அது.

ஜூலை

ஜூலையில் வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு 14 நாள் வீட்டுத் தனிமை என்று விதி. பெங்களூரில் வீடே இல்லாத ஒரு குடும்பம் வேலை மாற்றலாகி வந்தால் எந்த வீட்டில் தனிமையில் இருக்கும்? ஹோட்டல் செலவு தாங்காது. தரகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். காகிதத்தில் 11 மாத வாடகை ஒப்பந்தம். உண்மையில் ஐந்து நாள், பத்து நாள். ஒப்பந்தம் இருந்தால் சங்கம் கேள்வி கேட்க முடியாது, வார்டிலும் கேள்வி வராது. அட்வான்ஸ் என்று எழுதியிருப்பதுதான் அந்த நாள்களுக்கான வாடகை.

ஜூலை 4 அன்று முதல் வீட்டுக்கு அப்படி நான்கு பேர் வந்தார்கள். உரிமையாளர் அம்மா என்னிடம் ‘மாத வாடகைக்கு விட்டுவிட்டேன்’ என்றார். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துச் சரி என்றேன். வந்தவர்களில் இருவர் கையில் முத்திரை இருந்ததை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். மார்ச்சில் ஆன அனுபவத்துக்குப் பிறகு அவர் யாரையும் கையைக் காட்டச் சொல்வதில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

ஜூலை 10 மாலை, வந்த ஆறாம் நாள், அவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆள் மறுநாள் காலை வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். அக்காவுக்குப் போன் போனது. நான்கு மாதமாகக் கூலி பார்க்காதவர். அவர்கள் லிஃப்டில் இறங்கி ஒரு மணி நேரத்துக்குள் அவர் உள்ளே போனார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. துணி மாஸ்க் ஒன்று போட்டிருந்தார். பெட்ஷீட்டை உதறும்போது மூச்சு முட்டியதால் அதை இறக்கிவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். பெட்ஷீட் நான்கு, தலையணை உறை ஆறு, துண்டு நான்கு. பக்கெட்டில் அமுக்கி வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வீட்டைத் துடைத்திருக்கிறார். கையுறை இல்லை. 250 ரூபாய்.

ஜூலை 14 இரவு எட்டு மணி முதல் பெங்களூரில் ஒரு வாரம் மறுபடி ஊரடங்கு. 15-ஆம் தேதி அக்காவுக்குக் காய்ச்சல். 17-இல் பரிசோதனை, 20-இல் முடிவு: தொற்று. அன்றிரவே கோவிட் பராமரிப்பு மையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் குடியிருந்த சந்தை ‘சீல்டவுன்’ என்று யாரும் போக வர முடியாதபடி அடைத்தார்கள். ஒரே அறையில் கணவர், மாமியார், பதினாறு வயது மகள். கணவர் பெயின்டர், மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. மாமியாருக்கும் தொற்று வந்து ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தார்.

சந்தின் முனையில் மூங்கில் கட்டி, அதன்மேல் நோட்டீஸ் தொங்கவிட்டிருந்தார்கள். மளிகைக் கடைக்காரர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சாமானை மூங்கிலுக்கு அந்தப் பக்கம் தரையில் வைத்துவிட்டுப் போனார். இதே நாள்களில், ஜூலை 23 அன்று, நகரின் வேறொரு பகுதியில் இரண்டு வீடுகளின் வாசலையே தகரத்தால் அடைத்து, எதிர்ப்பு எழுந்ததும் மாநகராட்சி ஆணையர் அதை அகற்றச் செய்து வருத்தம் தெரிவித்தது செய்தியானது.

தேடல் நின்ற இடம்

வார்டு சுகாதாரக் குழுவிலிருந்து அக்காவை அழைத்து, கடந்த நாள்களில் யாரோடு தொடர்பு என்று கேட்டார்கள். “ஒரு வீட்டுல நாலு பேர் இருந்தாங்க, போனப்பறம் கூட்டித் தொடச்சேன்” என்றார். அவர்கள் என்னிடம் வந்தார்கள். நான் ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். அதில் ஒரு பெயர்தான் இருந்தது. போன் எண் தரகருடையது. தரகர் எடுக்கவில்லை. எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள், அவர்களில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்ததா, எதுவும் தெரியவில்லை. தேடல் அங்கேயே நின்றது.

அக்காவுக்கு அந்த வீட்டில்தான் தொற்றியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூலை நடுவில் நகரம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது, சந்தையிலும் வந்திருக்கலாம். ஆனால் கேள்வி வந்தபோது பதில் சொல்ல எங்களிடம் ஒரு தாளும் இல்லை. மார்ச்சில் மூன்று பேருக்காக எழுதிய அதே தாளை ஜூலையில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் காகிதப்படி அங்கே தினவாடகையே நடக்கவில்லை. தடை விதித்து, அது கடைப்பிடிக்கப்படுவதாக நம்பிக்கொண்டதால் எழுதுவதையும் நிறுத்திவிட்டோம்.

ஆகஸ்டுக்குப் பின்

ஆகஸ்ட் கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு தரப்பு, துணைவிதியில் தினவாடகையை ஒரேயடியாகத் தடை செய்யலாம் என்றது. அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அதையே மார்ச்சில் செய்து, என்ன நடந்தது என்று பார்த்தோம். உரிமையாளருக்குக் கடன் இருக்கும்வரை, ஊருக்கு வரும் நோயாளிக்கு அடுப்பு தேவைப்படும்வரை, வேறொரு பெயரில் அது தொடரும். ஆகஸ்ட் 24 அன்று கர்நாடக அரசு வெளிமாநிலத்தவருக்கான பதிவு, முத்திரை, கட்டாயத் தனிமை எல்லாவற்றையும் கைவிட்டது. அதற்குப் பின் வீடு வீடாக யார் இருக்கிறார் என்று அரசும் கேட்கப்போவதில்லை என்று ஆனது.

கடைசியில் அனுமதித்தோம், நிபந்தனையோடு. வாசலில் ஒரு நீளநோட்டு. தங்குபவர் ஒவ்வொருவரின் பெயர், வந்த ஊர், வந்த தேதி, போன் எண், போகும் ஊர். எண்ணை வாட்ச்மேன் அங்கேயே அழைத்து, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும். காலி செய்த பின் எல்லா ஜன்னலையும் திறந்து விட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் சுத்தம். அக்காவுக்கு ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் 7,000 ரூபாய். உடம்பு சரியில்லாத நாளுக்குப் பிடித்தம் கிடையாது. உரிமையாளர் அம்மா கடைசி விதிக்கு முதலில் தயங்கினார். “எனக்கே வருமானம் நிச்சயம் இல்லியேம்மா” என்றார். அக்காவின் மாமியார் இருந்த ஆஸ்பத்திரி ரசீதை மேசையில் வைத்தேன். ஒத்துக்கொண்டார்.

24 மணி நேரமா, மூன்று நாளா என்று நிறைய விவாதம். அப்போது எல்லோருக்கும் கதவுப் பிடி, மேசை, பெட்ஷீட் மேல்தான் பயம். ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசல் தெளித்தால் போதும் என்று நினைத்தோம். பிறகு, 2021 ஏப்ரலில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரப்புகளைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. அடைத்த அறையின் காற்றுதான் பெரிய ஆபத்து. பினாயிலைவிட ஜன்னல் முக்கியம் என்பது எங்களுக்கு அப்போது பாதிதான் தெரியும். ஜன்னல் விதியை நோட்டில் சேர்த்தது நல்லதாயிற்று.

2021 மே

இரண்டாம் அலை. ஏப்ரல் 27 இரவு ஒன்பது மணி முதல் கர்நாடகத்தில் மறுபடி அடைப்பு. முதல் வீட்டில் அப்போது ஓர் இளைஞர். நகரத்து ஆஸ்பத்திரியில் தந்தையைச் சேர்த்துவிட்டு, கேன்டீன் மூடியதால் இங்கிருந்து கஞ்சியும் ரசமும் வைத்து எடுத்துப் போனவர். மே 5 அன்று அவருக்கே தொற்று என்று தெரிந்தது. நோட்டைப் பார்த்தோம். அவர் வந்தது ஏப்ரல் 24. அதன் பிறகு அந்த வீட்டுக்குள் போனவர் ஒருவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர். தேதியும் எண்ணும் இருந்தன. அக்கா உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரத்தில் வார்டுக்குத் தகவல் கொடுத்தோம். சிலிண்டர் தம்பியை அழைத்துச் சொன்னோம். அவருக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை. அக்காவுக்கு 45 வயதைத் தாண்டிவிட்டதால் ஏப்ரலிலேயே முதல் ஊசி போட்டிருந்தோம்.

அந்த இளைஞர் தனிமையில் இருந்தபோது அவருடைய தந்தை இறந்துவிட்டார். மகன் கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை. எங்கள் நோட்டால் அதற்கு எதுவும் செய்ய முடியவில்லை.

2020 ஜூலை நடுவிலிருந்து அக்கா வேலைக்கு வராத 23 நாளுக்கு யார் பணம் தருவது என்பது ஒரு வருடம் இழுத்தது. 2021 ஜனவரியில் உரிமையாளர் அம்மா 3,000 ரூபாய் கொடுத்தார். மீதியைச் சங்க நிதியிலிருந்து ஆகஸ்டில் கொடுத்தோம். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளர் கேட்டார். ‘நல்கொடை’ என்று எழுத வேண்டாம் என்றேன். ‘கூலி பாக்கி’ என்று எழுதினோம்.

இப்போது என்றால்

அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநில ஆளுநர் 2020 மார்ச் 27 அன்று, அதாவது எங்கள் கேட் பூட்டிக்கிடந்த அதே நாளில், குறுகிய கால விடுமுறை வாடகை வீடுகளை நிறுத்தி ஆணையிட்டார். மருத்துவ, அவசரப் பணிக்காக வருபவர்களுக்கும் நீண்டகால வாடகைக்காரர்களுக்கும் அதில் விலக்கு இருந்தது. அந்த மாநிலத்தின் தென்முனைத் தீவுகள் மார்ச் 22 முதல் ஜூன் 1 வரை வெளியாருக்கே மூடப்பட்டிருந்தன. அந்தத் தீவுகளுக்கு அது பொருந்தும். வருபவர்கள் கடற்கரைக்கு வருபவர்கள், ஆஸ்பத்திரிகள் சிறியவை, நிலவழி ஏறக்குறைய ஒரே நெடுஞ்சாலை. பெங்களூரில் தினவாடகை வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்காகவே வருகிறார். அங்கே ‘விடுமுறை வாடகை’ என்ற பெயரே யாரைத் தடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. இங்கே அந்தப் பெயரில் ஓர் ஆணையைக் கொண்டுவந்தால், பெரியவரும் அவர் மனைவியும்தான் முதலில் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

அதனால் இன்னொரு முறை இப்படி ஒரு நெருக்கடி வந்தால் நான் கேட்பது இவைதான். ஆணையில் ஹோட்டல், லாட்ஜ், ஹோம்ஸ்டே, பி.ஜி. என்று வரும் வரியில் ‘நாள் வாடகைக்கு விடப்படும் வீடு’ என்பதும் பெயர் சொல்லி வர வேண்டும். பெயர் இல்லாததுதான் பொய் ஒப்பந்தத்துக்கு வழி விட்டது. உல்லாசப் பயணத்தைத் தடுக்கட்டும்; நோயாளி, உடன் இருப்பவர், மருத்துவ ஊழியர், சிக்கிக்கொண்டவர் ஆகியோரை வார்டில் ஒரு தாள் கொடுத்துத் தங்க அனுமதிக்கட்டும். வீட்டுத் தனிமை என்று விதி போடும்போது, வீடில்லாதவர் எங்கே இருப்பார் என்று அதே ஆணையில் சொல்லட்டும். தங்குபவரின் பெயரோடு, அந்த வீட்டைச் சுத்தம் செய்பவரின் பெயரையும் எழுதச் சொல்லட்டும். தொழில் நிற்கும் நாள்களில் அவருக்கு யார் கூலி தருவது என்பதையும்.

சங்கங்களுக்கு ஒன்று. கேட்டைப் பூட்டும் தீர்மானத்துக்கு ஒரு முடிவுத் தேதி போடுங்கள். நாங்கள் போடவில்லை. முப்பது நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால், ஜூன் 8-க்குப் பிறகு உரிமையாளர் அம்மா எங்களிடமே வந்து கேட்டிருப்பார்; தரகரிடம் போயிருக்க மாட்டார். பின்னொரு நாள் அவரே என்னிடம் சொன்னார்: “கேட்டா வேணாம்னுதான் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.” நினைத்தது சரிதான், அப்போது வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

2022-இல் பொறுப்பை விட்டபோது, அடுத்த செயலாளரிடம் கணக்குப் புத்தகங்களோடு இரண்டு நீளநோட்டுகளையும், மார்ச் 27 அன்று அச்செடுத்த ஆணையையும் கொடுத்தேன். இரண்டாவது நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: ஜன்னல் திறந்த நேரம், சுத்தம் செய்தவர், கையெழுத்து. அக்கா அதில் தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறார்.